பல்லுக்காரரும் சகலையின் கிட்டாரும்

பல்லுக்காரர் வீட்டில் ஏழு பேஸ் கிட்டார்கள், பாட்டுக்கு அடிச் சத்தம் கொடுக்கிற நாலு தந்திக் கிட்டார்கள், இருந்தன. ஏழையும் அவர் ஒரு முறையாவது பிரித்துப் பூட்டியிருந்தார். எட்டாவதாக ஒன்று உண்டு. அது சகலை வீட்டில், அதாவது அவர் மனைவியின் தங்கை புருஷன் வீட்டில் இருந்தது. ஏழு பக்கத்தில் இருக்க, மனுஷனுக்கு ராப்பகலாக நினைப்பெல்லாம் அந்த எட்டாவது மேல்தான். வயிற்றெரிச்சலுக்குக் கணக்குப் பாடம் தெரியாது போலிருக்கிறது.

பல்லுக்காரர் என்றதும் பல் டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பல்செட் செய்துகொடுப்பவர் இவர். ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் சின்ன அறை. மேசை நிறைய யார் யாருடைய தாடைகளோ வரிசையாக வாயைத் திறந்துகொண்டிருக்கும். மேலெல்லாம் வெள்ளைத் தூசி. அந்தப் பக்கத்துத் தெருக்களில் பேரப்பிள்ளை எடுத்தவர்களில் பாதிப் பேர் சிரிக்கும் சிரிப்பு அவர் கையால் செய்தது. ஒரு முடியின் அகலத்துக்கு உயரம் கூடினாலும் கடிக்கும்போது வலிக்கும் என்பதால், அந்த அளவுக்குத் தேய்த்துப் பழகிய விரல்கள் அவருக்கு.

அந்த விரல்கள்தான் கிட்டாரிலும் புகுந்தன. எங்காவது யாராவது பழைய பேஸ் கிட்டாரை விற்கிறார்கள் என்றால் இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அன்றைக்கே போய் நிற்பார். விற்கிறவர் ஆம்ப்ளிஃபையரைப் போட்டு வாசித்துக் காட்ட வந்தால் வேண்டாம் என்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரின் கழுத்தை நுனியிலிருந்து அடிவரை பார்ப்பார். வளைந்திருக்கிறது என்பார். கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி தேய்ந்திருக்கிறது என்பார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்ப்பதுபோல இத்தனை குறை சொல்லிவிட்டு, கடைசியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். வந்த கிட்டாரை வந்தபடியே வாசித்ததாகச் சரித்திரம் இல்லை. சட்டையை மாற்றுவதற்கு முன்னால் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்.

பல் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க டாக்டர்கள் வாயில் ஒரு நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள் இல்லையா, அந்தக் காகிதத்தைத் தந்திக்கு அடியில் வைத்து எந்தக் கம்பி உயரமாக இருக்கிறது என்று பார்ப்பார். தந்திகள் உட்காரும் சின்னக் கட்டையைப் பல் செய்யும் பொடியிலேயே வார்த்துத் தேய்ப்பார். தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளை, பிக்கப் என்பார்கள், ஒரு கிட்டாரிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் பொருத்துவார். மறுமாதம் அதைத் திருப்பி மாற்றுவார். ஒரு ஆளுக்கு ரெண்டு கைதானே, ஏழு எதுக்கு என்று அவர் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். இப்போதெல்லாம் அலமாரிக்குப் பின்னால் துடைப்பம் போகவில்லை என்று மட்டும் சொல்கிறாள்.

வாசிக்கவும் செய்வார், அதில் ஒன்றும் குறைவில்லை. பத்தொன்பது வருடமாக ஐந்து பேர் கொண்ட ஒரு பாட்டுக் குழுவில் அவர்தான் பேஸ். மின்சார ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் பாடுவார். குழுவுக்குத் தலைவரும் அவரே. கம்பெனி விழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு என்று மாதத்துக்கு இரண்டு மூன்று இடங்களுக்குப் போவார்கள். வாரம் முழுக்க அடுத்தவர் தாடைகளோடு கழிக்கிறவருக்கு, மேடையில் டிரம்ஸ்காரருக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த இரண்டு மணி நேரம்தான் உயிர். அந்த ஓரத்து இடத்தை அவர் யாருக்கும் தருவதாக இல்லை.

சகலை பஸ் ஓட்டுகிறவன். கல்யாணமான புதிதில் பொழுது போகாமல் விழாக்களுக்குக் கூட வர ஆரம்பித்தான். ஸ்பீக்கர் தூக்குவான், ஒயர் சுற்றுவான், ஓரமாக உட்கார்ந்து கேட்பான். நாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், தனக்கும் ஒன்று வேண்டும், கற்றுக்கொள்ளலாம் என்று ஆசை என்று கூச்சத்தோடு கேட்டான். பல்லுக்காரருக்கு வாயெல்லாம் பல். தள்ளிவிடுவதற்கு அவரிடம் ஒன்று தயாராக இருந்தது.

அது கப்பலில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் வாங்கிய பழுப்பு நிறக் கிட்டார். பார்க்க லட்சணம், தூக்க இலகு, ஆனால் ஒரு வியாதி. நாலு தந்திகளில் மெல்லிய தந்தியில், ஐந்தாவது கட்டத்தில் விரலை வைத்தால் சத்தம் பிறந்த உடனே செத்துப்போகும். பக்கத்துச் சுரங்களெல்லாம் மணி மாதிரி நீண்டு ஒலிக்க, அது மட்டும் டுப் என்று நின்றுவிடும். மரத்தின் பிறவிக் குணம் அது. சில கிட்டார்களுக்கு அப்படி ஒரு ஊமை இடம் இருக்கும். பல்லுக்காரர் விடுவாரா? தந்திகளை மாற்றினார், அடிக்கட்டையை மாற்றினார், தலையில் ஈயத்தகடு வைத்துக் கட்டினார், கழுத்து சேருகிற இடத்தில் பல் பொடியைக் கரைத்து ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வருடம் மல்லுக்கட்டித் தோற்றுப்போன அந்தக் கிட்டாரைத்தான் சகலை தலையில் கட்டினார். சனியன் ஒழிந்தது என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

சகலை அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தந்தி மாற்றவில்லை, திருகாணி தொடவில்லை. இரண்டு பிக்கப்புக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகுகள் உண்டு. இரண்டையும் முழுசாகத் திறந்து வைப்பான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த தொழில்நுட்பம். டிப்போவில் அடுத்த டிரிப்புக்கு நேரமாகும்போது, காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் வாசித்துக்கொண்டே இருப்பான். கிடைத்த அரை மணி, முக்கால் மணி எல்லாம் அதற்குத்தான். இப்படி நாலு வருடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினி வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, உள்ளறையில் சகலை வாசிப்பதைப் பல்லுக்காரர் கேட்டார். முதலில் ரேடியோ என்று நினைத்தார். மெதுவான ஒரு பாட்டு. அதில் சகலை அந்த ஊமை இடத்துக்கே தேடித் தேடிப் போய்க்கொண்டிருந்தான். வரி முடிகிற இடத்தில் விரலை அங்கே வைப்பான். சத்தம் டுப் என்று நிற்கும். பாட்டு ஒரு மூச்சு விட்டுக்கொள்ளும். அடுத்த வரி கிளம்பும். பல்லுக்காரர் இரண்டு வருடம் கொன்றுபோடப் பார்த்த வியாதியை இவன் மடியில் உட்கார வைத்துச் சீராட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றார். பொய்யில்லை, நிஜமாகவே எரிந்தது.

வீட்டுக்கு வந்து ஏழு கிட்டாரையும் எடுத்து ஒவ்வொன்றாக அதே பாட்டை வாசித்துப் பார்த்தார். ஏழிலும் எல்லாச் சுரமும் நன்றாகத்தான் பேசின. பாட்டுதான் வரவில்லை. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. வேறு நல்லதாக ஒன்று தருகிறேன், அதைக் கொடுத்துவிடு என்று சுற்றி வளைத்துக் கேட்டும் பார்த்தார். எனக்கு இதுவே பழகிடுச்சு, போதும் என்று சிரித்துவிட்டான் சகலை. அந்தப் போதும்தான் அவருக்குத் தாங்கவில்லை. போதும் என்ற வார்த்தையை முப்பது வருடத்தில் ஒரு கிட்டாரைப் பார்த்தும் அவர் சொன்னதில்லை.

இதோடு நின்றிருந்தால் உள்ளுக்குள் புழுங்கியே காலத்தைத் தள்ளியிருப்பார். நடுவில் அவருக்குக் காய்ச்சல் வந்து தொலைத்தது. ஒரு கம்பெனி விழாவுக்கு எழுந்திருக்க முடியவில்லை. சகலை போய் வாசித்துவிட்டு வந்தான். உடம்புக் காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. மற்றது பத்தாம் நாள், தலைவர் போன் செய்தபோது ஏறியது. ஆஸ்பத்திரி ஒன்றின் வெள்ளிவிழா, ஞாயிறு மத்தியானம், பெரிய அரங்கம். அன்று ஒரு நாள் மட்டும் சகலை வாசிக்கட்டுமே, நீங்கள் கீழே உட்கார்ந்து சவுண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் காது யாருக்கு வரும் என்று குழைந்தார். ஒரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று பல்லுக்காரருக்குத் தெரியும். பழைய கீபோர்டுக்காரரையும் இப்படித்தான் ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த ஒரு நாள் ஆறு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வேறு என்ன சொல்வது? காதில் புகை வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை சகலையே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறி வந்தான். பெரிய இடத்தில் வாசிக்கப்போகிறோம், ஒரு தடவை நீங்கள் பார்த்துவிட்டால் தைரியமாக இருக்கும் என்றான். பையோடு வைத்துவிட்டுப் போய்விட்டான். என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. ஞாயிறு காலை டிரிப்பை முடித்துவிட்டு நேராக அரங்கத்துக்கு வருவதாகவும், கிட்டாரை மற்றச் சாமான்களோடு அவரே கொண்டுவந்துவிட வேண்டும் என்றும் சொன்னான்.

வெள்ளி மத்தியானம் பல்லுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். முதலில் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். தூசி துடைத்தார், கம்பிகளைப் பளபளப்பாக்கினார், நீலக் காகிதம் வைத்து உயரம் பார்த்தார். பிறகு மூடித் தகட்டைத் திறந்தார். இரண்டு பிக்கப்பிலிருந்தும் இரண்டிரண்டு ஒயர்கள் வந்து உட்கார்ந்திருந்தன. ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்து ஈயம் உருக்கி ஒட்டினார்.

பெரிய நாசவேலை ஒன்றுமில்லை, அவ்வளவே. எதுவும் உடையாது. தனித்தனியாகத் திறந்தால் இரண்டு பிக்கப்பும் நன்றாகப் பேசும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் ஒன்று முன்னுக்குத் தள்ள இன்னொன்று பின்னுக்கு இழுத்து, அடிச் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும்; மிச்சமிருப்பது தகரடப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல். சகலையோ இரண்டையும் முழுசாகத் திறந்து வைக்கிற ஆள். ஒரே ஒரு விழாதான், திங்கட்கிழமை தானே சரி செய்துவிடலாம் என்று பல்லுக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தலைவர் முகம் சுளிப்பார், ஓரத்து இடம் மறுபடி தன்னிடமே வரும், அவ்வளவுதான் வேண்டும். ஒட்டின இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பாவம் செய்யும்போதும் மனுஷனுக்கு வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. டாக்டர்கள், நர்ஸ்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். முன்வரிசையில் அக்காளும் தங்கையும், பல்லுக்காரர் மனைவியும் சகலை மனைவியும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் சவுண்டு சோதனையைப் பல்லுக்காரரே செய்துவிட்டார்; ஒரு பிக்கப்பை மட்டும் திறந்து வைத்துச் செய்தார். சகலை கடைசி நிமிடத்தில் ஓடிவந்து, யூனிஃபார்ம் சட்டையை மாற்றிக்கொண்டு மேடை ஏறினான். கிட்டாரை மாட்டிக்கொண்டு இரண்டு திருகையும் முழுசாகத் திறந்தான்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. பேஸின் அடி காணாமல் போயிருந்தது. பல்லுக்காரர் கீழே சவுண்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று காத்திருந்தார்.

ஒருத்தரும் திரும்பவில்லை. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடினார். டிரம்ஸ்காரர் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய டாக்டர் தொடையில் தாளம் போட்டார். பிள்ளைகள் குதித்தன. அவருடைய மனைவி ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பல்லுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கையை நீட்டி, மேசையில் பேஸின் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார். இன்னும் குறைத்தார். கடைசியில் அடியோடு மூடினார். அரங்கத்தில் பேஸ் என்று ஒன்று இல்லவே இல்லை. அப்போதும் பெரிய டாக்டர் தொடையில் தாளம் தவறவில்லை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சகலையை அவமானப்படுத்தத் தோண்டிய பள்ளத்தில் எட்டிப் பார்த்தால் உள்ளே அவரே நின்றுகொண்டிருந்தார். பத்தொன்பது வருடம், மாதம் இரண்டு மூன்று மேடை. அந்த மேடைகளில் அவர் இருந்ததும் இல்லாததும் இந்த ஜனங்களுக்கு ஒன்றுதான். எந்த இடத்துக்காக மனசைக் கெடுத்துக்கொண்டாரோ, அந்த இடத்தில் ஆள் நிற்கிறானா என்றே யாருக்கும் தெரியவில்லை. பேஸின் அளவைப் பழையபடி ஏற்றினார்.

மேடையில் ஒருவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. சகலை மூன்றாவது வரியிலேயே குனிந்து கிட்டாரைப் பார்த்தான். வாசிப்பை நிறுத்தவில்லை. ஒரு திருகை மூடி ஒரு வரி வாசித்தான். அதைத் திறந்து மற்றதை மூடி ஒரு வரி வாசித்தான். இரண்டையும் திறந்து ஒரு வரி. அப்புறம் ஒன்றை மூடினான், மூடினதுதான். பல்லுக்காரருக்கே கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். திருகாணி தொடாத பஸ்காரன் ஒரு பாட்டுக்குள் கண்டுபிடித்துவிட்டான் என்று அந்த நிலையிலும் அவருக்கு எரிந்தது.

ஒற்றைப் பிக்கப்பில் சத்தம் கொஞ்சம் மெலிவு. அதை ஈடுகட்ட, சகலை வலது கையைக் கழுத்துப் பக்கமாக நகர்த்தி, விரலின் சதையால் வாசித்தான். அந்த அரங்கத்தில் அந்தக் கை நகர்ந்ததைப் பார்த்தது ஒரே ஆள். அதற்கப்புறம் எட்டுப் பாட்டு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சுரத்தையும் பல்லுக்காரர் கேட்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை. சகலை ஒரு தடவைகூட அவர் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

விழா முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். தலைவர் வந்து இரண்டு பேரையும் தட்டிக்கொடுத்து, இன்றைக்கு சவுண்டு பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த நடையில் சகலை ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். பல்லுக்காரர் ஸ்பீக்கர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"ரெண்டையும் சேர்த்துத் திறந்தா அடி காணாமப் போகுது. தனித்தனியாத் திறந்தா நல்லாருக்கு," என்றான் சகலை, ஒயரைப் பார்த்துக்கொண்டே.

ஒயர் எங்காவது விட்டுப்போயிருக்கும் என்று சொல்வதற்குப் பல்லுக்காரர் வீட்டிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். வாய் திறந்தபோது வேறு வந்தது. "நான்தான் மாத்தி வச்சேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வேற யாராவது பாத்துக் குடுத்திருந்தா, கை தவறிடுச்சுன்னு நெனச்சிருப்பேன். உங்க கை தவறாது சகலை."

அடித்திருந்தால் தேவலை என்று பல்லுக்காரருக்கு இருந்தது. சுவரோடு சாய்ந்து நின்றார். நடையில் ஒரு நர்ஸ் தட்டில் சாப்பாட்டை ஏந்திக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனாள்.

"ஒருத்தருக்கும் தெரியல, பாத்தீங்களா?" என்றான் சகலை.

"பாத்தேன்."

"பாடறவருக்கே தெரியல. நீங்க வாசிக்கறப்ப ஓரமா உக்காந்து கேட்டது நான் ஒருத்தன்தான். நான் வாசிச்சா கேக்கறதுக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. கோவம்னா திட்டுங்க, வாங்கிக்கறேன். இத கெடுத்தீங்கன்னா நான் யாருக்கு வாசிக்கறது?"

பொறாமை அந்த இடத்திலேயே கரைந்துபோயிற்று என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அதுவரை அவன் விரல்களைப் பார்த்து எரிந்தவருக்கு, இப்போது அவன் மனசையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

சகலை ஒயரைச் சுற்றி முடித்துப் பெட்டியில் போட்டான். தலைவர் அடுத்த மாத விழாக்கள் இரண்டுக்கும் தன்னையே கேட்டிருக்கிறார் என்றும், சரி என்று சொல்லப்போவதாகவும், அதை விட்டுத்தருவதாக இல்லை என்றும் நிதானமாகச் சொன்னான். பிறகு சுவரோரம் சாத்தியிருந்த கிட்டார் பையை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடுங்க."

பல்லுக்காரர் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையே தர்றேன்," என்றார்.